ஈஜிசிஜி மாத்திரை, கிரீன் டீ, அல்சைமர்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு அல்சைமர், ஆரம்ப நிலை என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்துவிட்டார். சொன்னதையே திரும்பச் சொல்வது, கதவைப் பூட்டினோமா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பது, இந்த அளவில்தான் இருக்கிறது. விஷயம் வெளியே தெரிந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சித்தி மகன் ஒருபடி மேலே போய் கிரீன் டீ சாற்று மாத்திரை ஒரு டப்பா வாங்கி அனுப்பியே விட்டான். ஒரு மாத்திரையில் கிரீன் டீச் சத்தான ஈஜிசிஜி 400 மி.கி. என்று போட்டிருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு போட வேண்டுமாம். "நரம்பணுக்களைக் காக்கும் என்று ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் வேறு.

அம்மா ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு ஒரு பீட்டா பிளாக்கரும், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை. இதில் உண்மை எவ்வளவு? மாத்திரை வேண்டாம் என்றால் டீயாகக் குடித்தால் பலன் உண்டா?

மாடிப்படி

தாராளமாகக் கொடுங்கள். இயற்கைப் பொருள்தானே, என்ன கெட்டுவிடப் போகிறது? ஜப்பானில் சென்டாய் பக்கம் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 1,003 பேரை வைத்து 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. தினமும் இரண்டு கப் அல்லது அதற்கு மேல் கிரீன் டீ குடித்தவர்களிடம் அறிவாற்றல் குறைபாடு, வாரத்துக்கு மூன்று கப்புக்குள் குடித்தவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. நானும் ரொம்ப காலமாகக் குடித்துவருகிறேன். இந்த வயதிலும் போன் நம்பர் எல்லாம் மனப்பாடம்.

ஆய்வக எலி

நரம்புச் செல்களை வளர்த்துச் சோதிப்பது எனக்குத் தினசரி வேலை. அதனால் டப்பாவில் எழுதியிருக்கும் அந்த "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டப்பாக்காரர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

அல்சைமரில் இரண்டு புரதங்கள் தடம் புரள்கின்றன. செல்லுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா படிகிறது. உள்ளே டாவ் புரதம் முறுக்கிக்கொண்டு நாராகிறது. 1906-ல் அலோய்ஸ் அல்சைமர் விவரித்ததும் இதே படிவுகளையும் நார்முறுக்குகளையும்தான். தேயிலையில் இருக்கும் கேட்டசின் என்ற வகைச் சேர்மங்களில் அதிகம் இருப்பது ஈஜிசிஜி, அதாவது எபிகேலோகேட்டசின் கேலேட். இது இன்னும் சரியாக மடியாத அமிலாய்டு பீட்டாவோடு ஒட்டிக்கொண்டு, நாராக மாறும் வழியை விட்டு வேறு வழியில் திருப்பிவிடுகிறது. பெர்லினில் மேக்ஸ் டெல்ப்ரூக் மையத்து ஆய்வாளர்கள் இதை 2008-ல் காட்டினார்கள். பார்கின்சனில் வரும் ஆல்ஃபா சைனூக்ளினிடமும் இதே வேலையைச் செய்தது. அங்கே உருவான புரதத் திரள்கள் செல்களை அந்த அளவுக்குக் கொல்லவில்லை.

2022-ல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகத்திலிருந்து இன்னொன்று வந்தது. அல்சைமரில் இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த டாவ் நார்களின் மேல் ஈஜிசிஜியை விட்டார்கள். நார் பிரிந்தது. எந்த இடுக்கில் போய் உட்கார்ந்து பிரிக்கிறது என்பதை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உண்மையிலேயே அழகான வேலை. ஆனால் அடுத்து அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். "ஆகவே டீ குடியுங்கள்" என்று முடிக்கவில்லை. ஈஜிசிஜி மூளைக்குள் சரியாகப் போவதில்லை, பார்க்கும் புரதங்களோடெல்லாம் ஒட்டிக்கொள்கிறது, இது மருந்தாகாது என்று சொல்லிவிட்டு, அதே இடுக்கில் உட்காரக்கூடிய வேறு மூலக்கூறுகளைக் கணினியில் தேடினார்கள். சி.என்.எஸ்-11, சி.என்.எஸ்-17 என்ற இரண்டும் அப்படிக் கிடைத்தவை.

அடுத்து அளவு. செல் வளர்ப்புத் தட்டில் நாங்கள் சாதாரணமாக விடுவது 10 மைக்ரோமோலாரிலிருந்து (கரைசலின் செறிவை அளக்கும் அலகு) 50 வரை. ஓரிரு கப் கிரீன் டீ குடித்தவரின் ரத்தத்தில் ஈஜிசிஜி உச்சத்தில் இருக்கும்போதுகூட ஒரு மைக்ரோமோலாரைத் தொடுவது அபூர்வம். குடல் உறிஞ்சுவதே சொற்பம், உறிஞ்சியதையும் குடலும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவது அதிலும் ஒரு சிறு பங்கு. தட்டில் செல் பிழைத்தது என்பதிலிருந்து தலைக்குள் செல் பிழைக்கும் என்பதற்கு இப்படி ஒரேயடியாகத் தாவ முடியாது.

தேன்சிட்டு

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். அளவு குறைவு என்பதுதான் பிரச்சினை என்றால், அதற்காகத்தானே மாத்திரையில் அடர்த்தியாகப் போட்டுத் தருகிறார்கள்?

ஆய்வக எலி

அதற்கு மருந்துகள் தெரிந்தவர்கள் யாராவது வருவார்கள். நான் தட்டிலேயே இன்னொரு வில்லங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இது வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

ஈஜிசிஜி நிலையான பொருள் இல்லை. நடுநிலைக் கரைசலில் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் மஞ்சளேறி, அப்புறம் பழுப்பாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு தானாகவே வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடுகிறது. செல் வளர்க்கும் திரவங்களில் இது வேகமாக நடக்கிறது என்று ஹாலிவெல் என்ற ஆய்வாளரின் குழு 2000-லேயே எழுதிவிட்டது. அப்போது என்ன ஆகும்? லேசான பெராக்சைடு பட்டதும் செல் உஷாராகித் தன் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டும். கணக்கில் "ஈஜிசிஜி நரம்புச் செல்லைக் காத்தது" என்று விழும். காத்தது ஈஜிசிஜியா, தட்டுக்குள் உருவான பெராக்சைடா? அதனால் இப்படி ஒரு கட்டுரை கைக்கு வந்தால் நான் முதலில் தேடுவது, பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேர்த்தும் சோதித்தார்களா என்பதை. பல கட்டுரைகளில் அது இருக்காது.

மருந்து வேதியியல்காரர்களுக்கு இதெல்லாம் பழைய கதை. எந்தச் சோதனையில் போட்டாலும் பலன் காட்டும் மூலக்கூறுகளுக்கென்று அவர்களிடம் ஒரு கறுப்புப் பட்டியலே உண்டு. ஈஜிசிஜி அதில் நன்கு அறிமுகமான ஆசாமி.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. உறிஞ்சப்படாத கேட்டசின்களைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்து வேலரோலாக்டோன் என்ற சிறிய மூலக்கூறுகளாக்குகின்றன. அவை ரத்தத்தில் ஈஜிசிஜியைவிட அதிகமாகவும் கூடுதல் நேரமும் இருக்கின்றன. டீயில் மூளைக்கு ஏதாவது நன்மை இருந்தால் அது இவற்றின் வழியாகக்கூட வரலாம். என் ஊகம்தான்.

சந்தேகப்பிராணி

மாடிப்படி சார், சென்டாய் ஆய்வு சரியான ஆய்வுதான். ஆனால் அது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு. குடிப்பதையும் கேட்டார்கள், நினைவாற்றலையும் சோதித்தார்கள். எது முன்னால், எது பின்னால்? தானாகத் தண்ணீர் கொதிக்க வைத்து, இலை போட்டு, ஆளோடு உட்கார்ந்து குடிக்க முடிகிறவருக்கு ஏற்கெனவே புத்தி தெளிவாகத்தான் இருக்கும். மறதி ஆரம்பித்தவர் முதலில் விடுவது இந்த மாதிரிச் சின்னச் சின்ன வழக்கங்களைத்தான்.

ஆட்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதைவிட மேல். பிரிட்டனில் லட்சக்கணக்கானோரின் உடல்நல விவரங்களைத் திரட்டிய பயோபேங்க் தரவை வைத்து 2021-ல் வந்தது பெரியது. 50 முதல் 74 வயதுக்குள் 3,65,682 பேர். தினமும் 2-3 கப் காபியும் 2-3 கப் டீயும் குடித்தவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்கள்) வாய்ப்பு, இரண்டையும் தொடாதவர்களைவிட 28 சதவீதம் குறைவு. அங்கே குடிப்பது பெரும்பாலும் கறுப்பு டீ என்பதைக் கவனியுங்கள். கறுப்பு டீ தயாரிக்கும்போது இலையின் நொதிகளே கேட்டசின்களில் பெரும்பகுதியைத் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் என்று மாற்றிவிடும். ஈஜிசிஜி கொஞ்சம்தான் மிஞ்சும். அப்படியும் பலன் தெரிகிறது என்றால், ஒன்று ஈஜிசிஜிதான் காரணம் என்ற கதை தப்பு, இல்லை டீயே காரணமில்லை, டீ குடிக்கிறவர்களின் வாழ்க்கைமுறை காரணம்.

2025-ல் ஜப்பானிலிருந்து மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்று வந்தது. டிமென்ஷியா இல்லாத 8,766 பேர். கிரீன் டீ அதிகம் குடித்தவர்களுக்கு மூளையின் வெண்பொருளில் வரும் சேதத் திட்டுகள் கொஞ்சம் குறைவு. 200 மி.லி. குடிப்பவரைவிட 600 மி.லி. குடிப்பவருக்கு 3 சதவீதம் போல. அல்சைமரில் ஆரம்பத்திலேயே சுருங்கும் ஹிப்போகாம்பஸ் என்ற நினைவாற்றல் பகுதியின் அளவில் வித்தியாசமே இல்லை. வெண்பொருள் சேதம் பெரும்பாலும் சின்ன ரத்தக்குழாய்களின் கோளாறு. ஆகவே டீ எதையாவது காக்கிறது என்றால் அது ரத்தக்குழாயாக இருக்கலாம், நேரடியாக நரம்புச் செல்லாக இல்லாமல் இருக்கலாம்.

மாடிப்படி

கணக்கெடுப்பு வேண்டாம் என்றால் நேரடியாகக் கொடுத்துப் பார்த்த சோதனையும் உண்டே? மட்சா என்ற கிரீன் டீ பொடி பற்றிச் சமீபத்தில்கூடப் படித்தேன்.

சந்தேகப்பிராணி

உண்டு. 2024-ல் வந்தது. லேசான குறைபாடு உள்ள, அல்லது மறதி கூடுகிறது என்று தாங்களே உணர்ந்த 60 முதல் 85 வயதுக்காரர்கள் 99 பேருக்கு ஒரு வருடம் தினமும் 2 கிராம் மட்சா, அல்லது அதுபோலவே இருக்கும் போலி. நினைவாற்றல் தேர்வு மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. முகபாவத்தைப் பார்த்து உணர்ச்சியை அடையாளம் காண்பதில் மட்டும் மட்சா தரப்பு கொஞ்சம் தேறியது. செய்தித் தலைப்பில் வந்தது அந்தக் கடைசி வரி. இதற்கு முன் 2016-ல் முதியோர் இல்லத்தில் 33 பேரிடம் கிரீன் டீ பொடி கொடுத்துப் பார்த்ததும் இப்படித்தான், நினைவாற்றலில் மாற்றமில்லை. 33 பேர், 99 பேர் என்பதெல்லாம் பலன் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லவும் போதாத எண்ணிக்கை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய மருந்தாளர்

இழையை இப்போதுதான் பார்த்தேன். தேன்சிட்டு, அந்த டப்பாவைப் பிரிக்காமல் வைத்தது நல்லதாயிற்று. அப்படியே இருக்கட்டும்.

கேள்வி கேட்டீர்களே, அடர்த்தியாகக் கொடுத்தால் என்ன என்று. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் இதைத்தான் ஆராய்ந்தது. மாத்திரையாக ஒரு நாளைக்கு 800 மி.கி. ஈஜிசிஜியும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் ரத்தத்தில் உயர்வது, அதாவது கல்லீரல் பாதிப்பின் அறிகுறி, தெரிந்தது. அம்மாவுக்குச் சொல்லியிருக்கும் அளவு என்ன? 400 மி.கி. மாத்திரை இரண்டு. சரியாக அந்த வரம்பில் போய் நிற்கிறது. 2022-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாள் அளவு 800 மி.கி.க்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, வெறும் வயிற்றில் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அச்சிட வேண்டும். உங்கள் டப்பா வெறும் வயிற்றில்தான் போடச் சொல்கிறது! காரணம் இருக்கிறது, அப்போதுதான் அதிகம் உறிஞ்சப்படும். கல்லீரலுக்கும் அதிகம் போகும்.

டீயாகக் குடிப்பவர்களுக்குச் சராசரியாக ஒரு நாளில் 90 முதல் 300 மி.கி. வரை போகிறது. அது நாள் முழுக்கப் பிரிந்து, தண்ணீரோடு போகிறது. அதை அதே ஆணையம் பொதுவாகப் பாதுகாப்பானது என்றுதான் சொன்னது. மாத்திரையால் கல்லீரல் கெடுவது எல்லோருக்கும் நடப்பதில்லை. அப்படிக் கெட்டவர்களில் பெரும்பாலோரிடம் எச்.எல்.ஏ-பி 35:01 என்ற ஒரு மரபணு வகை இருந்ததாக அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்கள் அம்மாவுக்கு அது இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? மஞ்சள் காமாலை வந்தபிறகு தெரிந்து என்ன பயன்?

அடுத்து அம்மா எடுக்கும் மாத்திரைகள். பீட்டா பிளாக்கரில் நேடலால் என்று ஒன்று உண்டு. கிரீன் டீயோடு சேர்ந்தால் அது உடம்பில் ஏறுவதே வெகுவாகக் குறைந்துவிடும். ஆரோக்கியமானவர்களிடம் சோதித்தபோது சுமார் 85 சதவீதம் குறைந்தது. எல்லா பீட்டா பிளாக்கருக்கும் இது பொருந்தாது, ஆகவே அட்டையில் பெயரைப் பார்த்து மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். டீயின் பாலிஃபீனால்கள் (கேட்டசின்களும் இந்த வகைதான்) இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாத்திரைக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது, முடிந்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கட்டும்.

வேப்பங்காய்

எப்போதும் இதே பாட்டுத்தான். தேயிலைக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் மருந்துக் கம்பெனிகளுக்கு லாபமில்லை. லாபமில்லாததை ஒழுங்காக நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க யார் முன்வருவார்கள்? சோதிக்காமலே பலனில்லை என்பீர்கள்.

ஆய்வக எலி

சோதித்தார்கள். ப்ரோமெசா என்று பெயர், முன்னின்று நடத்தியது மியூனிக் பல்கலைக்கழக மருத்துவர்கள், முடிவு 2019-ல் வந்தது. மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி என்ற கொடுமையான நரம்புச் சிதைவு நோய். அதில் சேர்வது ஆல்ஃபா சைனூக்ளின், நான் மேலே சொன்ன அதே புரதம். 92 நோயாளிகள், பாதிப் பேருக்கு ஈஜிசிஜி, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை, 48 வாரம். அளவைப் படிப்படியாகக் கூட்டி நாளுக்கு 1,200 மி.கி. வரை போனார்கள். நோய் போகும் வேகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஈஜிசிஜி எடுத்தவர்களில் இருவருக்குக் கல்லீரல் பாதிப்பால் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆக, மருந்தாளர் ஐயா சொன்னது காகிதக் கணக்கு இல்லை.

வேப்பங்காய்

அது வேறு நோய். அல்சைமருக்கு எப்படிப் பொருந்தும்?

ஆய்வக எலி

நியாயமான கேள்வி. அப்படியே பொருந்தாது. அந்த நோயாளிகளின் மூளையில் சேதம் ஏற்கெனவே முற்றியிருக்கும். நடுத்தர வயதிலிருந்தே பல வருடம் கொடுத்தால் வேறு முடிவு வரலாம் என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று. தட்டில் அமிலாய்டு பீட்டாவைத் திருப்பிவிட்டது என்பதை ஆதாரமாகக் காட்டித்தான் டப்பா விற்கிறார்கள். அதே தட்டில், அதே கட்டுரையில், அதே விதமாக ஆல்ஃபா சைனூக்ளினையும் திருப்பியது. ஆளுக்குக் கொடுத்தபோது அங்கே ஒன்றும் நடக்கவில்லை. தட்டுச் சான்றை மட்டும் நம்பி வயதான ஒருவரின் கல்லீரலைப் பணயம் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மாடிப்படி

சரி, மாத்திரையை விடுங்கள். டீயில் இருக்கும் தியானைன்? அது மூளைக்குள் போகும் என்கிறார்களே.

சந்தேகப்பிராணி

போகும். ஜப்பானில் தேயிலையில் கண்டறிந்த அமினோ அமிலம் அது. 200 மி.கி. போலக் கொடுத்தால் மூளை அலைகளில் ஓய்வான நிலையைக் காட்டும் ஆல்ஃபா வகை கூடுவது, மனம் கொஞ்சம் அமைதியாவது தெரியும். ஒரு கப்பில் இருப்பதோ பெரும்பாலும் இதில் பத்தில் ஒரு பங்கு. அமைதிக்கும் நரம்புச் செல் சாவதைத் தடுப்பதற்கும் தூரம் ரொம்ப.

செவ்வந்தி

என் மாமியாருக்கும் இதே நோய், நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தேன்சிட்டு, உங்கள் அம்மாவுக்குக் காது எப்படி? கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் டிமென்ஷியாவுக்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 14-ஐப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சரிசெய்ய முடிந்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று ஒரு மதிப்பீடு. காது மந்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தனிமை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் உண்டு. டீ கிடையாது. மாமியார் பாதிக்குப் பாதி பதில் சொல்லாமல் இருந்தது மறதியால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காதுக் கருவி வைத்தபிறகு பேச்சில் கலந்துகொள்கிறார். நோய் போய்விடவில்லை, ஆனால் வீட்டில் ஒரு ஆளாக உட்கார்ந்திருக்கிறார்.

டீயும் கொடுக்கிறோம். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று. மருந்தாகக் கொடுக்கவில்லை, அந்த நேரத்தில் யாராவது கூட உட்காருவோம் என்பதற்காக. மதியத்துக்குப் பிறகு கொடுத்தால் ராத்திரி தூங்காமல் நடமாட ஆரம்பித்துவிடுகிறார்.

தேன்சிட்டு

அக்கா, காது விஷயம் யோசிக்கவே இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார், அதையும் நோய் என்றுதான் எடுத்துக்கொண்டோம். பரிசோதனைக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.

டப்பாவைப் பற்றி மருத்துவரிடமும் பேசினேன். ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். பீட்டா பிளாக்கர் நேடலால் இல்லை, அதில் கவலை வேண்டாம் என்றும் சொன்னார். சித்தி மகன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்குச் சாயங்காலம் டீ வாசனை வந்தால் கேட்காமல் இருக்க மாட்டார். கஃபீன் நீக்கிய டீ கொடுக்கலாமா? அதில் இந்தக் கேட்டசின் எல்லாம் இருக்குமா?

பழைய மருந்தாளர்

சித்தி மகனிடம், மருத்துவர் கல்லீரலுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார் என்று பழியை அவர் மேல் போட்டுவிடுங்கள். மருத்துவர்கள் அதற்கும்தான் இருக்கிறார்கள்.

கஃபீன் நீக்கிய டீ தாராளமாகக் கொடுக்கலாம். உடம்பில் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும், அதனால் சாயங்காலத்துக்கு இது நல்ல யோசனை. எத்தில் அசிடேட் முறையில் நீக்கினால் கேட்டசின்களும் கணிசமாகப் போய்விடும், கார்பன் டை ஆக்சைடு முறையில் அதிகம் மிஞ்சும். ஆனால் மேலே இவ்வளவு பேசியபிறகு அதைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு எதன் ருசி பிடிக்கிறதோ அதை வாங்குங்கள். கஃபீன் கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஆகவே இரண்டாவது கப் கேட்டால் மட்டும் பாதி ஊற்றுங்கள். ராத்திரி இரும்பு மாத்திரை போடுவதாக இருந்தால் அந்த இடைவெளியையும் மறக்க வேண்டாம்.